வரத்துக்கால் கரையில் அறுபது வீடு: செட்டிநாட்டுப் பயணக் குறிப்புகள்

வியாழன், காரைக்குடி

காரைக்குடி 2024-இல் மாநகராட்சி ஆனது. ஊரின் விளிம்பு அதற்கு வெகு முன்பே நகரமாகிவிட்டது. பொட்டலாகக் கிடந்த இடங்களில் எல்லாம் இப்போது மனைக்கல் நிற்கிறது. அப்படியொரு விளிம்பில், கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுபோகும் ஒரு வரத்துக்காலை ஒட்டி ஒன்றரை ஏக்கர் நிலம் இருக்கிறது. அறுபது குடும்பங்கள் சேர்ந்து வாங்கியிருக்கிறார்கள். பள்ளி ஆசிரியர்கள், ஓய்வு பெற்றவர்கள், சில கடைக்காரர்கள். அவர்களுக்கு வீடு வரைந்து கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது.

அவர்கள் கேட்டது மூன்று. எல்லோருக்கும் அந்த நிலத்திலேயே வீடு வேண்டும். செலவு கைக்குள் நிற்க வேண்டும். சேர்ந்து தோட்டம் போட மாடியில் இடம் வேண்டும்.

அடர்த்தி என்றதும் பத்து மாடி கண்ணுக்கு முன்னால் வந்துவிடுகிறது. கணக்குப் போட்டால் அப்படி இல்லை. ஒன்றரை ஏக்கருக்கு அறுபது வீடு என்றால் ஹெக்டேருக்கு ஏறத்தாழ நூறு. தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகள் சாதாரணக் கட்டடங்களுக்கு நிலப்பரப்பைப் போல இரண்டு மடங்கு தளப்பரப்பு வரை அனுமதிக்கின்றன. எங்களுக்கு ஏறக்குறைய ஒரு மடங்கே போதும். தரையும் அதன்மேல் மூன்று மாடியும் தாண்ட வேண்டியதில்லை. வயதானவர்களுக்காக லிஃப்ட் ஒன்றிரண்டு போடலாம், வீடுகள் அதை நம்பி நிற்காது.

மதுரையிலிருந்து வரும் வழியில், குன்றக்குடியைத் தாண்டியதுமே உடன் வந்த கட்டமைப்புப் பொறியாளர் தம்பியிடம் சொல்லிவிட்டேன்: முதலில் தண்ணீர், அப்புறம்தான் வீடு. அதனால் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே வரத்துக்காலில் இறங்கி நடந்தோம். இப்போது வறண்டு கிடக்கிறது. இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். எதிர்க்கரையில் இருக்கும் வீடுகள் எல்லாம் கால்வாய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டிருக்கின்றன. பின்சுவர், கழிவுக் குழாய், சுவருக்கு மேலிருந்து வீசிய குப்பை. பார்க்க மனசு கஷ்டமாக இருந்தது. அங்கே இருப்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களுடைய வீட்டில் கால்வாயைப் பார்க்க ஒரு ஜன்னல்கூட இல்லை.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் தண்ணீர் எதுவரை வரும் என்று கேட்டோம். கரையில் இருந்த ஒரு பனையைக் காட்டினார்.

"ஐப்பசி கார்த்தியல்ல நல்லா அடிச்சுப் பேஞ்சா இந்தப் பனைக்கு இடுப்பளவு நிக்கும் தம்பி. கலுங்கு மறுகால் போனாத்தான் எறங்கும்."

கலுங்கு என்றால் கண்மாய் நிறைந்ததும் மிச்சத் தண்ணீர் வெளியேறும் வழி. பொறியாளர் தம்பி டேப்பைப் பிடித்துப் பார்த்தார். கரை மட்டத்திலிருந்து ஏறக்குறைய மூன்றடி. எங்கள் தரைத்தளம் ஐந்தடி மேலே நிற்க வேண்டும் என்று அங்கேயே குறித்துக்கொண்டேன். அரசுப் பதிவேடுகளில் வெள்ள மட்டத்தைத் தேடத்தான் போகிறோம். ஆனால் ஒவ்வொரு மழைக்கும் அங்கேயே நின்ற மனிதரின் சொல்லை அதற்குக் கீழே வைக்க மாட்டேன்.

வெள்ளி, கானாடுகாத்தான்

காலையில் வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும். அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் வேறு எதையும் எழுத முடியாது.

கானாடுகாத்தானுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் 1912-இல் கட்டிய அரண்மனை வீட்டின் முன்னால் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். நான் அதிக நேரம் நின்றது தெருவோர வாய்க்கால்களிலும் ஊருணிக் கரையிலும். செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய இடங்களுக்கான உத்தேசப் பட்டியலில் 2014-இல் சேர்த்தார்கள். அங்கே வீடுகளின் அழகோடு இந்த ஊர்களின் தெரு அமைப்பும் நீர் அமைப்பும் சேர்த்தே பேசப்படுகின்றன. நேரில் நடந்தால் ஏன் என்று புரிகிறது.

தெருக்கள் கட்டம் கட்டமாக நேராகப் போகின்றன. ஒரு வீட்டின் தலைவாசல் ஒரு தெருவில் இருந்தால் பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கிறது. நடுவில் முகப்பு, முற்றத்தைச் சுற்றி அறைகள் உள்ள வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படிக் கட்டு என்று வரிசையாகப் போகிறது. பக்கத்து வீட்டுக்கும் இதற்கும் இடைவெளி மிகக் குறைவு. பக்கச் சுவரில் ஜன்னல் வைத்துக் காற்று வாங்கும் பேச்சே இல்லை. வெளிச்சமும் காற்றும் முற்றத்தின் வழியாகத்தான் வருகின்றன. இப்படிக் கட்டினால்தான் வீடுகளை நெருக்கமாக அடுக்க முடியும். இன்றைய அடுக்குமாடியில் நான்கு பக்கமும் ஐந்தைந்து அடி விட்டு, அந்த ஐந்தடியில் ஏசி யூனிட்டும் குப்பைத்தொட்டியும் நிற்பதை நினைத்துப் பார்க்கிறேன். அவ்வளவு இடத்தையும் ஒன்றாகச் சேர்த்திருந்தால் ஒரு முற்றம் கிடைத்திருக்கும்.

சரி, தண்ணீர். ஓட்டுக்கூரையில் விழும் மழை முற்றத்துக்குள் இறங்குகிறது. முற்றத்தின் மூலையில் கல்லில் ஒரு துவாரம். அங்கிருந்து தரைக்கு அடியில் ஓடித் தெருவோர வாய்க்காலுக்குப் போகிறது. வாய்க்கால் ஊருணிக்குப் போகிறது. வீடு மேடையில் ஏறி நிற்பதால் எல்லாம் தன் எடையிலேயே இறங்குகிறது, பம்ப் எதுவும் வேண்டாம். வீட்டுக்காரர்கள் முதல் மழையைத் தரை கழுவ விட்டுவிட்டு, அடுத்து வரும் தண்ணீரை அண்டாவில் பிடித்து வைப்பார்கள் என்று காவலுக்கு இருந்த அம்மா சொன்னார்.

தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு 2003-இல் கட்டாயமானது. அது நல்ல சட்டம். நிறையக் கட்டடங்களில் அது ஒரு குழாயும் ஒரு குழியுமாக முடிந்துபோனதுதான் வருத்தம். தண்ணீர் போகும் பாதை வாழும் இடங்களின் வழியாகப் போகாததால் யாருக்கும் அது கண்ணில் படுவதில்லை. முற்றத்தில் மழை விழுவதைப் பார்த்து வளர்ந்த குழந்தைக்குத் தண்ணீர் எங்கே போகிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஊருணியில் இன்னொன்று கவனித்தேன். சுற்றுச்சுவரும் படித்துறையும் செம்புராங்கல் என்ற செந்நிறக் கல். அதைச் சுற்றித் தெரு. தெருவுக்கு அந்தப் பக்கம் வீடு. ஊருணியை ஒட்டி எந்த வீட்டின் கொல்லைச் சுவரும் இல்லை. தண்ணீருக்கும் வீட்டுக்கும் நடுவே பொதுவழி இருப்பதால் போகிற வருகிறவர்கள் எல்லோருக்கும் தண்ணீர் கண்ணில் படுகிறது, கேட்பதற்கு ஆள் இருக்கிறது. நேற்றுப் பார்த்த வரத்துக்காலில் இல்லாதது இதுதான்.

இரவு விடுதிக்கு வந்ததும் முதல் கோடு போட்டேன். கால்வாய்க் கரையை ஒட்டி முதலில் வெட்டிவேரும் பனையும் வைக்கும் ஒரு பட்டை. அதற்கு அடுத்து எல்லோரும் நடக்கும் ஒரு தெரு. அதற்குப் பிறகுதான் வீட்டின் முகப்பு. எல்லா வீட்டுக்கும் தலைவாசல் கால்வாயைப் பார்த்து.

சனி, ஆத்தங்குடி, பள்ளத்தூர்

ஆத்தங்குடியில் ஒரு பட்டறையில் தரையில் பதிக்கும் கல் வார்ப்பதைப் பார்த்தோம். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, வண்ணக் கரைசலை அச்சுக்குள் ஊற்றி, அதன்மேல் உலர்ந்த மணலும் சிமெண்டும், அப்புறம் ஈரக் கலவை. தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து எடுத்தால் கண்ணாடியின் வழவழப்பு கல்லுக்கு வந்துவிடுகிறது. வீட்டுக்குள் போடுவேன். வெயிலும் மழையும் அடிக்கும் மாடிக்குப் போடமாட்டேன்.

மாடிக்கு என்ன போடுவது என்று அங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு கொத்தனாரிடம் கேட்டேன். வயது எழுபதைத் தாண்டியிருக்கும். பழைய வீடுகளின் தட்டைக் கூரையைப் பழுது பார்ப்பவர்.

"தேக்குச் சட்டத்துக்கு மேல செங்கல்ல நட்டக்குத்தலா வச்சு அடுக்கணும். அதுக்கு மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும். கடுக்காத்தண்ணி தெளிச்சுத் தெளிச்சு நாள் கணக்கா அடிக்கணும். கடைசியா மேல தட்டோடு பதிக்கணும். அவசரப்பட்டா ஒழுகும்."

"அதுமேல மண்ணு கொட்டித் தோட்டம் போடலாமாண்ணே?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் பதில் இருந்தது. "மண்ணு எம்புட்டுக் கனம்னு தெரியுமா?"

தெரியும். அதைத்தான் இந்தப் பயணம் முழுக்கப் பொறியாளர் தம்பி கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். நனைந்த தோட்டமண் ஒரு அடி ஆழம் இருந்தால் சதுர மீட்டருக்கு ஐந்நூறு கிலோவைத் தாண்டும். ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்கு வழக்கமாக எடுத்துக்கொள்ளும் சுமை சதுர மீட்டருக்கு நூற்றைம்பது கிலோதான். மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம். கட்டி முடித்த வீட்டில் ஆசைப்பட்டு மண்ணைக் கொட்டுவது எவ்வளவு ஆபத்து என்று இதிலேயே தெரியும். தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்த கலவை எடையைப் பாதிக்குப் பக்கமாகக் குறைக்கிறது. பாத்திகளைத் தளத்தின் நடுவில் வைக்காமல், கீழே சுவரோ உத்தரமோ ஓடும் கோட்டின் மேலேயே வைத்தால் சுமை நேராக அஸ்திவாரத்துக்கு இறங்கும். வேர் தாண்டாத ஒரு தகடு, அதன்மேல் நீர் வடிய ஜல்லி, அதன்மேல் துணி, பிறகு கலவை. முருங்கையும் வாழையும் தரையில்தான். மாடிக்குக் கீரை, வெண்டை, கத்தரி, பந்தலில் புடலையும் அவரையும். கொத்தனார் அண்ணன் பந்தல் என்றதும் தலையாட்டினார். பந்தல் நிழல் விழுந்தால் தட்டோடு சுடாது, அடியில் இருக்கும் வீடும் குளிரும் என்றார்.

மதியம் பள்ளத்தூரில் ஒரு ஆச்சி வீட்டுக்கு அழைத்திருந்தார்கள். இந்தப் பயணத்தில் நான் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி அந்த வளவில் உட்கார்ந்தபோது கிடைத்தது.

நாம் இந்த வீடுகளை ஒரு பணக்காரக் குடும்பத்தின் மாளிகையாகப் பார்க்கிறோம். ஆச்சி தன் மாமியார் காலத்தைச் சொல்லச் சொல்ல அது வேறு ஒன்றாகத் தெரிந்தது. மகனுக்குக் கல்யாணம் ஆனதும் அந்தத் தம்பதி தனிப் புள்ளி. வேறு வைத்துவிடுவார்கள். தனி அடுப்பு, தனி அரிசி, தனிக் கணக்கு. வளவைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும் பூட்டிக்கொள்ளும் அறை. முற்றமும் பத்தியும் கிணறும் எல்லோருக்கும். ஒரே கூரைக்குக் கீழே ஆறேழு குடும்பம் தனித்தனியாகச் சமைத்து, ஒரே முற்றத்தில் வற்றல் காயவைத்திருக்கிறது.

"சண்டை வராதா ஆச்சி?"

"வராம இருக்குமா? வரும். ஆனா மொகத்தப் பாக்காம இருக்க முடியாதுல்ல. அடுப்படிக்குப் போகணும்னா முத்தத்தக் கடக்கணும். சாயங்காலம் வத்தல அள்ளுறப்ப மழ வந்தா யாரு வத்தல்னு பாத்தா அள்ளுவோம்?"

இதைக் கேட்டதும் நோட்டை எடுத்துவிட்டேன். முற்றம் ஏன் பொதுவாக நடந்தது? அதைக் கடக்காமல் யாரும் அடுப்படிக்குப் போக முடியாது. தினமும் நாலு தடவை கால் படும் இடம் தானாகப் பராமரிக்கப்படுகிறது.

மாடித் தோட்டம் என்றதும் நாம் எல்லோரும் உச்சி மாடியைத்தான் நினைக்கிறோம். தண்ணீர்த் தொட்டி, டிஷ், வெயில், அங்கே போவதற்கு மூன்று மாடிப் படி, சாவி வாட்ச்மேனிடம். யார் போவார்கள்? முதல் வருஷம் இரண்டு பேர் ஆர்வமாகப் போவார்கள். பிறகு காய்ந்த பைகள்தான் இருக்கும். நான் பார்த்த பல குடியிருப்புகளில் இப்படித்தான் முடிந்தது. பொதுத் தோட்டம் அடுப்படிக்குப் பக்கத்தில், படியேறி வீட்டுக்குப் போகும் வழியில் இருக்க வேண்டும். கறிவேப்பிலை கிள்ளத் தாளிப்பை இறக்கி வைக்க வேண்டியிருக்கக் கூடாது.

இரவு இரண்டு பழைய கட்டடங்களை மனதில் வைத்து வரைந்தேன். ஒன்று மோஷே சஃப்தி கனடாவின் மாண்ட்ரியலில் செயின்ட் லாரன்ஸ் ஆற்றங்கரையில் 1967 உலகக் கண்காட்சிக்காகக் கட்டிய ஹாபிடாட் 67. 354 கான்கிரீட் பெட்டிகளை ஏற்றி இறக்கி அடுக்கி 158 வீடுகள். கீழ்வீட்டின் கூரை மேல்வீட்டுக்குத் தோட்டம். அற்புதமான யோசனை, ஆனால் அந்தத் தோட்டம் அவரவருக்குத் தனி. இன்னொன்று நவி மும்பை பேலாப்பூரில் சார்லஸ் கொரியா 1980-களில் கட்டிய குடியிருப்பு. ஏறக்குறைய எட்டு மீட்டர் சதுர முற்றத்தைச் சுற்றி ஏழு வீடு. அப்படி மூன்று கொத்து சேர்ந்தால் இன்னும் கொஞ்சம் பெரிய முற்றம். இடையே மழைநீர் ஓடை. அங்கேயும் ஹெக்டேருக்கு நூறு வீடு அளவுக்கு அடர்த்தி, எல்லாம் தாழ்ந்த வீடுகள்.

ஆச்சி வீட்டில் ஆறேழு புள்ளி, பேலாப்பூரில் ஏழு வீடு. ஒருவருக்கொருவர் பெயரும் பிள்ளைகளின் பரீட்சைத் தேதியும் தெரிந்திருக்கும் அளவு அது. நான் அறுபதை எட்டுக் குழுவாகப் பிரித்தேன், நான்கில் ஏழு வீடு, நான்கில் எட்டு. கட்டடம் கால்வாயை நோக்கிப் படிப்படியாக இறங்கும். கால்வாய் கிழக்கே இருப்பது எங்கள் அதிர்ஷ்டம். மதியத்துக்கு மேல் கட்டடத்தின் நிழலே அந்தப் படிகளில் விழும். ஒவ்வொரு குழுவுக்கும் முதல் மாடியிலோ இரண்டாம் மாடியிலோ ஒரு தோட்டத் தளம். குறைந்தது மூன்று வீட்டு அடுப்படி அதைப் பார்த்துத் திறக்கும். மற்றவர்கள் வீட்டுக்குப் போகும் படி அதன் வழியாகப் போகும்.

தண்ணீரும் அதே படிகளில் இறங்கும். மேல்கூரை மழை தோட்டத் தளத்தில் இருக்கும் தொட்டிக்கு. நூறு சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் பெய்தால் ஆயிரம் லிட்டர். தொட்டி நிறைந்தால் பாத்திக்கு, பாத்தி வடிந்தால் தரையில் இருக்கும் கிணற்றுக்கு, அதற்கும் மிஞ்சினால்தான் வரத்துக்காலுக்கு. அடுப்படிக் கழிவுநீர் தனிக் குழாயில் தரையில் உள்ள கல்வாழைப் பாத்திக்கு. கழிப்பறைத் தண்ணீரில் ஒரு சொட்டுகூட வரத்துக்காலுக்குப் போகக் கூடாது.

ஞாயிறு, காரைக்குடி

காலையில் முனீஸ்வரன் கோயில் தெரு. பழம்பொருள் கடைகள். தேக்குத் தூண், நிலைக்கதவு, பீங்கான் ஜாடி, எனாமல் தூக்குச்சட்டி. வாங்குகிறவர்கள் சந்தோஷமாக வாங்குகிறார்கள். நான் ஒரு நிலைக்கதவின் முன்னால் நின்றேன். அதை எடுப்பதற்கு ஒரு வீட்டைப் பிரித்திருக்கிறார்கள்.

நேற்று ஆச்சியும் இதைத்தான் சொன்னார். ஒரு வீட்டுக்கு இன்று முப்பது, நாற்பது பங்காளிகள். சென்னையில், கோலாலம்பூரில், அமெரிக்காவில். ஓடு மாற்ற எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும், எல்லோரும் பணம் போட வேண்டும். ஒருவர் பதில் சொல்லாவிட்டால் ஒரு மழைக்காலம் போய்விடும். ஏழு பேர் தினமும் கடந்தபோது நன்றாக இருந்த முற்றம், வருஷத்துக்கு ஒருமுறை முன்னோர்களுக்கான படைப்புக்கு வரும் நாற்பது பேரிடம் இடிகிறது. பொது இடத்தை வரைகிறவர்கள் இந்த இரண்டாவது பாதியையும் வரைய வேண்டும். யார் பணம் போடுவது, வராதவர் என்ன செய்வது, யார் முடிவெடுப்பது என்பதெல்லாம் கட்டடத்தின் பாகங்கள்தான்.

சாயங்காலம் நிலத்துக்காரர்கள் கூட்டம். வரைபடத்தைத் தரையில் விரித்து உட்கார்ந்தோம். முதல் கேள்வியே ஒரு டீச்சரிடமிருந்து வந்தது: "லீவுக்கு ஊருக்குப் போயிட்டா செடிக்குத் தண்ணி யாரு ஊத்துறது?" சரியான கேள்வி. ஏழு வீட்டில் ஏழு பேரும் ஒரே வாரத்தில் ஊருக்குப் போகமாட்டார்கள், அறுபது பேருக்குப் பொதுவாக இருந்தால் ஒருவரும் ஊற்றமாட்டார்கள் என்றேன். அவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்துச் சிரித்தார்.

கொசு பற்றி ஒருவர் கேட்டார். தொட்டிகளுக்கு மூடியும் வலையும் உண்டு, பாத்தியில் தண்ணீர் நிற்காத சரிவு உண்டு என்று விளக்கினேன்.

பெரிய விவாதம் கால்வாயோரத் தெருவைப் பற்றி. அந்தத் தெருவை எடுத்துவிட்டு மதில் கட்டினால் இன்னும் நான்கு வீடு விற்கலாம், எல்லோருக்கும் செலவு குறையும் என்று கடைக்காரர் ஒருவர் கணக்கோடு பேசினார். அவர் கணக்கு தப்பில்லை. இருந்தாலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. மதில் கட்டினால் பத்து வருஷத்தில் எதிர்க்கரை மாதிரி ஆகிவிடும், அப்போது கால்வாயைப் பார்த்து வைத்த தோட்டத்துக்கு நாற்றம்தான் வரும் என்றேன். வாருங்கள், எதிர்க்கரையைப் போய்ப் பார்ப்போம் என்று பாதிப் பேரை இருட்டுவதற்குள் அழைத்துப் போனேன். திரும்பி வந்ததும் மதில் பேச்சு நின்றது. பிள்ளைகள் தண்ணீரில் இறங்கிவிடாமல் இடுப்பளவு கைப்பிடிச் சுவர் மட்டும் கேட்டார்கள். நியாயம்தான், போட்டுவிடலாம்.

திங்கள், நிலத்தில்

காலை ஏழு மணிக்குச் சுண்ணாம்புப் பொடியும் கயிறுமாக நிலத்தில் இறங்கினோம். கால்வாய்ப் பட்டை, தெரு, முகப்பு என்று கோடு போட்டோம். ஏழெட்டுக் குடும்பங்கள் வந்து தங்கள் குழுவின் தோட்டத் தளம் எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று கோட்டுக்குள் நின்று பார்த்தார்கள். ஒரு தாத்தா அங்கேயே பந்தல் எந்த மூலையில் என்று முடிவு செய்துவிட்டார். அவர் சொன்ன மூலை நான் வரைந்ததைவிட நல்ல மூலை, உத்தரமும் அதற்கு நேர் கீழேதான் ஓடுகிறது. மாற்றிக்கொண்டேன்.

வக்கீலிடம் மூன்று விஷயம் எழுதச் சொல்லியிருக்கிறேன். தோட்டத் தளம் அந்தந்தக் குழுவின் பொதுவில் இருக்கும், யாரும் தனியாக விற்கவோ கூரை போட்டு அறையாக்கவோ முடியாது. பராமரிப்புப் பணம் குடியிருப்பவரும் கொடுக்க வேண்டும், வெளிநாட்டில் இருப்பவரும் கொடுக்க வேண்டும். ஒழுகலை அடைப்பது மாதிரியான அவசர வேலைக்குக் குழுவில் பாதிப் பேருக்கு மேல் ஒப்புக்கொண்டால் போதும், எல்லோருக்காகவும் காத்திருக்கத் தேவையில்லை. இந்த மூன்றாவதுக்கு ஒரு குடும்பம் இன்னும் சம்மதிக்கவில்லை. பேசிக்கொண்டிருக்கிறோம்.

மண் பரிசோதனைக்கு அடுத்த வாரம் துளை போடுகிறார்கள். செம்புராங்கல் எத்தனை அடியில் வருகிறது என்று தெரிந்த பிறகுதான் கிணற்றின் இடத்தையும் அஸ்திவாரத்தின் ஆழத்தையும் முடிவு செய்ய முடியும்.